முதல் வருஷத்துக்கு லேப்டாப்பா, டேப்லெட்டா? எம்.பி.பி.எஸ். சேரும் தங்கைக்கு வாங்கப்போகும் அண்ணனுக்கு

கேள்வி: என் தங்கைக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை பார்க்கிறேன். அவளுக்காக 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடையில் விசாரித்தால், “டாக்டர் படிப்புக்கு 3டி எல்லாம் ஓட்டணும், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது” என்று 95,000 ரூபாய் லேப்டாப்பைக் காட்டி, குறைகிற பணத்தை இஎம்ஐயில் கட்டச் சொல்கிறார்கள். சீனியர் மாணவி ஒருவரோ ஐபேட்தான் வேண்டும் என்கிறார். தங்கையிடம் மூன்று வருஷப் பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. 4 ஜிபி ராம், 64 ஜிபி. அதையும் மாற்ற வேண்டுமா? எதை முதலில் வாங்குவது?

வாசகர், திருப்பூர்

பதில்: இஎம்ஐ பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் 70,000 போதும். அதில் மிச்சமும் இருக்கும். முதல் ஆண்டுக்குப் பேனாவோடு கூடிய நல்ல டேப்லெட் ஒன்று வாங்குங்கள். போனை மாற்ற வேண்டாம். லேப்டாப்பை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். அதற்குள் அரசு லேப்டாப் கிடைக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அந்தக் கிராபிக்ஸ் கார்டு விஷயத்தை முடித்துவிடுவோம். முதல் ஆண்டுப் பாடங்கள் மூன்று: உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். கல்லூரியில் எல்லோரும் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்றுதான் சொல்வார்கள். இவற்றுக்குக் கணினியில் செய்யும் வேலை என்னவென்று பார்த்தால், பிடிஎஃப் படிப்பது, வீடியோ பார்ப்பது, ஸ்லைடு படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது, எப்போதாவது செமினாருக்கு ஒரு பிபிடி தயாரிப்பது. எலும்பையும் தசையையும் சுழற்றிக் காட்டும் 3டி ஆப்கள் இருக்கின்றன. அவை சாதாரண பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே ஓடும். நல்ல டேப்லெட்டிலும் ஓடும். எம்.பி.பி.எஸ்.ஸின் ஐந்தரை ஆண்டிலும் தனி கிராபிக்ஸ் கார்டு கேட்கிற வேலை ஒன்றுகூட வராது. கேமிங் லேப்டாப்பை வாங்கினால் அது இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சார்ஜர் தனியாக ஒரு செங்கல் போல இருக்கும், பேட்டரி மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து லேபுக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும் நாள் முழுக்க நடக்கிற பிள்ளைக்கு அது சுமைதான்.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். எம்.பி.பி.எஸ். தேர்வு இன்றும் பேனா, பேப்பர் தேர்வுதான். முதல் ஆண்டில் பாடத்துக்கு இரண்டு தாளாக ஆறு தாள்கள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். படம் வரைந்து பாகம் குறிக்காமல் அனாட்டமியில் மதிப்பெண் வாங்குவது கடினம். ரெக்கார்டு நோட்டும் கையால் எழுதுவதுதான். திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் படிக்கும் ஹிஸ்டாலஜியின் ரெக்கார்டுக்கு எச் அண்ட் இ பென்சில் என்றே ஒன்று வாங்கச் சொல்வார்கள். ஹெமடாக்சிலின் சாயம் ஏறிய உட்கருவுக்கு நீல ஊதா, ஈயோசின் ஏறிய மற்ற பகுதிக்கு இளஞ்சிவப்பு. இந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான் வருஷம் முழுக்க வரைய வேண்டும். ஆகவே எந்தச் சாதனம் வாங்கினாலும் நீளமான கோடு போட்ட நோட்டு உங்கள் தங்கைக்கு வேண்டும். டேப்லெட்டில் படிக்கலாம், குறிப்பெடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு பெரிய கேள்விக்காவது பேப்பரில் நேரம் வைத்து விடை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷம் முழுக்கக் கண்ணாடியில் எழுதிவிட்டுத் தேர்வில் திடீரென்று பேப்பரைத் தொட்டால் மூன்றாம் மணி நேரத்தில் கை வலிக்கும், வேகம் விழுந்துவிடும்.

அப்படியானால் டேப்லெட் எதற்கு? அனாட்டமி வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் பிபிடி பெரும்பாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் பிடிஎஃப்பாக வந்துவிடும். அதைத் திரையின் ஒரு பாதியில் வைத்து, மறுபாதியில் எழுதலாம். இல்லாவிட்டால் ஸ்லைடின் மேலேயே, அவர் சொல்லச் சொல்ல, நரம்புக்கு மஞ்சள், தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்று வண்ணத்தில் கோடு போடலாம். சாதாரண லேப்டாப்பில் இதைச் செய்ய முடியாது. அங்கே தட்டச்சு மட்டும்தான், படத்தைத் தட்டச்சு செய்ய முடியாதே. பிரின்ட் எடுத்து எழுதலாம். ஆனால் ஒரு வருஷத்து ஸ்லைடுகளுக்கும் பிரின்ட் என்றால் செலவும் கூடும், தாள்களும் சிதறும். இரவில் விளக்கை அணைத்துவிட்ட ஹாஸ்டல் அறையில் கட்டிலில் சாய்ந்தபடி படிக்கவும் டேப்லெட்தான் வசதி.

இனி முக்கியமான இடம்: பேனா. டேப்லெட் வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பேனாவில்தான் ஏமாறுகிறார்கள். பேனா மூன்று வகை.

முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனா ஒரு வகை. திரைக்கு அது விரல்தான். உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொண்டு அங்கேயும் கோடு போடும். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேர வகுப்பில் எழுத முடியாது. இதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, பேட்டரி உள்ள பேனா. ஆப்பிள் பென்சில் இந்த வகை. மற்ற பல கம்பெனிகளின் டேப்லெட் பேனாக்களும் இப்படித்தான். நன்றாக எழுதும். ஆனால் அடிக்கடி சார்ஜ் போட வேண்டும், அநேகமாகத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எந்தப் பேனா எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று பார்த்து வாங்க வேண்டும். ஆப்பிளிலேயே ஐபேட் ஏருக்கான பென்சில் ப்ரோ சாதாரண ஐபேடில் வேலை செய்யாது.

மூன்றாவது, சாம்சங்கின் எஸ் பென். எழுதுவதற்கு இந்தப் பேனாவைச் சார்ஜ் செய்ய வேண்டியதே இல்லை. திரைக்கு அடியில் இருக்கும் தகடே அதற்கு வேண்டிய சக்தியைக் கொடுத்துவிடும். எஸ் வரிசை டேப்லெட்களில் பெட்டிக்குள்ளேயே வருகிறது. அதே கம்பெனியின் விலை குறைந்த ஏ வரிசையில் இந்த வசதி கிடையாது. கடையில் ‘சாம்சங் டேப்’ என்று பொதுவாகக் கேட்டு ஏ வரிசையை வாங்கி வந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. எஸ் என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். நோட்ஸ் ஆப்பைத் திறந்து, உள்ளங்கையை முழுதாகத் திரையில் ஊன்றி, நோட்டில் எழுதுகிற அளவுக்குச் சின்ன எழுத்தில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மெதுவாக, மிக மெதுவாக, சாய்கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். நல்ல திரையில் கோடு நேராக வரும். மட்டமான திரையில் பாம்பு போல நெளியும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது, கடைக்காரர் வேகமாகத்தான் இழுத்துக் காட்டுவார். தங்கைக்குப் பாடம் கொஞ்சம் தெரிந்துவிட்டதென்றால் பிரேக்கியல் பிளெக்ஸஸை வரைந்து பார்க்கட்டும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் அந்த நரம்புப் பின்னலில் வேர் ஐந்து, தண்டு மூன்று, பிரிவு ஆறு, வடம் மூன்று, கடைசியில் கிளை ஐந்து. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் சேர்ந்து பிரிகிற படம். இது கோணாமல், கை வலிக்காமல் ஒரு திரையில் வந்துவிட்டால் அந்த டேப்லெட் அனாட்டமிக்குத் தாங்கும்.

ஐபேடா, ஆண்ட்ராய்டா என்ற கேள்விக்கு வருவோம். ஐபேட் நல்ல பொருள்தான்; சீனியர் சொன்னதில் தவறில்லை. கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். ஏ16 சிப் உள்ள அடிப்படை ஐபேட் 2025-இல் 34,900 ரூபாய்க்கு வந்தது. அதற்கான யுஎஸ்பி-சி பென்சில் 7,900. இரண்டும் சேர்ந்து 42,800. அந்தப் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. அழுத்தி எழுதினாலும் மெல்ல எழுதினாலும் ஒரே தடிமன்தான். குறிப்பெடுக்கப் போதும், ஷேடிங் கொடுத்து வரைகிறவருக்குக் குறையாகத் தெரியும். அதே ஆண்டு வந்த சாம்சங் டேப் எஸ்10 எஃப்இ 42,999 ரூபாய். பேனா உள்ளேயே, அழுத்தமும் தெரியும், மெமரி கார்டும் போடலாம், தண்ணீர் பட்டாலும் தாங்கும். இதே வரிசையில் எஸ்10 லைட் முப்பதாயிரத்தை ஒட்டிய விலையில், அதுவும் பேனாவோடு வந்தது. விலை ஏறி இறங்கும். வாங்குகிற அன்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபேடுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் வேகம் குறையாமல் ஓடும், ஐந்து வருஷம் கழித்து விற்றாலும் ஓரளவு விலை போகும்.

உங்கள் நிலையில் நான் எஸ் வரிசை டேப்லெட்டைத்தான் சொல்வேன். அதற்கு விலை மட்டும் காரணமில்லை. மருத்துவ மாணவர்கள் மனப்பாடத்துக்கு அதிகம் பயன்படுத்தும் அங்கி (Anki) என்ற ஆப் ஆண்ட்ராய்டில் இலவசம், கணினியிலும் இலவசம். ஐபேடிலும் ஐபோனிலும் மட்டும் சுமார் 25 டாலர். அதோடு தங்கையின் போனும் ஆண்ட்ராய்டு. இரண்டுக்கும் ஒரே கூகுள் கணக்கு, ஒரே ஆப்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய மற்றவை: ராம் 6 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 8 இருந்தால் நல்லது. ஸ்கேன் செய்த பாடப்புத்தகப் பிடிஎஃப் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். 4 ஜிபி ராமில் அதைத் திறந்து பக்கத்தில் நோட்ஸையும் வைத்தால், ஒவ்வொரு பக்கமும் வெள்ளையாகத் தோன்றி யோசித்து யோசித்துத்தான் தெளியும். ஒரு யுஎஸ்பி-சி பென் டிரைவில் அப்படியொரு கனமான பிடிஎஃப்பைப் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய், டெமோ மாடலில் சட்டென்று 300-ஆம் பக்கத்துக்குத் தாவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உள்நினைவகம் 128 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஒரு மணி நேர வீடியோ 720பி தரத்தில் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை பிடிக்கும். பாட ஆப்கள் பலவும் டவுன்லோடை மெமரி கார்டில் வைக்க விடாது, உள்ளேதான் வைக்கும். சிம் போடும் மாடல் வேண்டாம். வைஃபை மாடலை வாங்கி, போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் பத்தாயிரத்தை ஒட்டி மிச்சம், ஐபேடில் அதற்கும் மேல். படிப்பு ஐந்தரை ஆண்டு. எனவே எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள், ஐந்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத கம்பெனி டேப்லெட்டில் இன்னொரு பொறி உண்டு. வீடியோ பாதுகாப்புக்கான வைட்வைன் எல்1 சான்று அதில் இல்லையென்றால், கட்டணப் பாட ஆப் சிலவற்றில் வீடியோ மங்கலாகத்தான் வரும். நுண்ணோக்கிப் படம் மங்கலாகத் தெரிந்தால் பார்த்தும் பயனில்லை.

கவர் வாங்கும்போது பேனாவை முழுதாக மூடி வைக்கிற இடம் உள்ளதாகப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேனா பைக்குள் போட்டவுடன் கழன்றுவிடும், மாணவர்கள் பேனாவைத் தொலைப்பது இப்படித்தான். பேப்பர் போலச் சொரசொரப்பான ஸ்கிரீன் கார்டு எழுத சுகமாக இருக்கும்; ஆனால் பேனா முனையைத் தேய்க்கும், படத்தின் தெளிவையும் குறைக்கும். ஒரு மாதம் வெறும் கண்ணாடியில் எழுதிப் பார்த்துவிட்டு, வழுக்குகிறது என்று தோன்றினால் மட்டும் ஒட்டலாம். கம்பெனி கீபோர்டு கவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம்.

டேப்லெட்டை எங்கே எடுத்துப் போகக்கூடாது என்பதும் உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிசெக்‌ஷன் ஹாலுக்குள் (இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடம்) வேண்டவே வேண்டாம். ஃபார்மலின் நெடி ஏறிய அறை. கையுறை போட்ட கையில் கொழுப்பும் ஈரமும் இருக்கும், அதே கையால் திரையைத் தொட நேரும், அதே திரையை இரவு படுக்கையில் வைத்துப் படிப்பார். அதைவிடப் பெரிய காரணம், அங்கே படுத்திருப்பது ஒரு மனிதர். அவர் உடலில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த உடலை, அதன் எந்தப் பகுதியையும், போட்டோ எடுக்கக் கூடாது. உறவினருக்குக் காட்டவோ ஸ்டேட்டஸ் வைக்கவோ நினைத்தே பார்க்கக் கூடாது.

இப்போதைய பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிற வகுப்புகள் உண்டு. அங்கேயும் இதேதான். எழுத்து மூலமான சம்மதமும் ஆசிரியரின் அனுமதியும் இல்லாமல் நோயாளியின் முகத்தையோ எக்ஸ்ரேயையோ கேஸ் ஷீட்டையோ போனில் பிடிக்கக் கூடாது. எடுத்த போட்டோவை அழித்துவிட்டாலும், அதற்குள் கூகுள் போட்டோஸ் தானாகவே மேலே ஏற்றியிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் வந்த படம் உங்கள் வீட்டு டிவியில்கூட ஸ்லைடுஷோவாக வந்து நிற்கும். ஆகவே போனிலும் டேப்லெட்டிலும் கூகுள் போட்டோஸ் பேக்கப் பட்டியலில் வாட்ஸ்அப் படங்கள் ஃபோல்டரை முதல் நாளே அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு எடுத்துப் போய்த் திரும்பிய சாதனத்தைத் துடைக்க 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பான் போதும். ஆஃப் செய்து, கேபிளைக் கழற்றிவிட்டு, மெல்லத் துடைக்க வேண்டும். திரவத்தை நேராகத் திரையில் தெளிக்கக் கூடாது. பிளீச் கலந்த எதுவும் கூடாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே நீட் பிஜி பயிற்சி ஆப்களின் ஆட்கள் கல்லூரி வாசலுக்கு வருவார்கள். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள். இப்போது வேண்டாம். கல்லூரி ஆசிரியர்கள் எப்படி நடத்துகிறார்கள், எந்தப் பாடத்தில் தடுமாற்றம் என்பது தெரியவே மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுக்கலாம். ஒரே கணக்கை எத்தனை சாதனத்தில் திறக்க விடுவார்கள், சாதனத்தை மாற்றினால் என்ன நிபந்தனை என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒரு கணக்கு வாங்கிப் பங்கு போடுவது பெரும்பாலும் கணக்கு முடக்கத்தில்தான் முடியும். டெலிகிராமில் இலவசமாகச் சுற்றும் பாடப்புத்தகங்கள் சட்டப்படி தவறு. அதோடு, பிடிஎஃப் என்று நினைத்துத் திறந்தால் ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைலாக இருந்து போனில் இருக்கும் வங்கி ஆப்பையே பதம் பார்த்துவிடும். நூலகத்திலும் சீனியர்களிடமும் பழைய புத்தகம் கிடைக்கும்.

அங்கியைப் பற்றிச் சொன்னேன். அதை நன்றாகப் பயன்படுத்தினால் காசு கொடுத்து வாங்கும் பல ஆப்களைவிட அதிகம் உதவும். ஒரு கேள்வி, ஒரு பதில் என்று அட்டை அட்டையாகப் போட்டு வைத்தால், மறக்கப்போகிற நேரத்தில் அதுவே எடுத்துக் கேட்கும். படத்தில் பாகங்களின் பெயரை மறைத்து வைத்துக் கேட்கும் வசதியும் உண்டு. அனாட்டமிக்கென்றே செய்தது போல இருக்கும். பலரும் தவறுகிற இடம் எண்ணிக்கை. ஒரு நாளைக்குப் புதிதாக 20 அட்டை சேர்த்துக்கொண்டே போனால், சில வாரத்தில் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டியது 200 வரை ஏறிவிடும். முதல் வாரத்தில் ஆர்வமாக 100 போட்டுவிட்டு மூன்றாம் வாரம் ஆப்பையே நீக்கிவிடுவார்கள். பத்தில் தொடங்கட்டும்.

லேப்டாப்புக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் அதன் தேவை கூடும். சமூக மருத்துவப் பாடத்தில் கள ஆய்வு, எக்ஸெல் கணக்கு, செமினார் பிபிடி. ஆர்வமிருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) மாணவர்களுக்காக நடத்தும் குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பம், பிறகு அறிக்கை. இந்த நீளமான எழுத்து வேலை டேப்லெட்டில் சிரமம். தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் சாதனம் தரும் திட்டத்தை அறிவித்தது. தங்கையின் கல்லூரிக்கு, அவருடைய ஆண்டுக்கு அது எப்போது என்று கல்லூரி அலுவலகத்தில் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்குமென்றால் அந்த லேப்டாப் இந்த வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். அதுவரை கல்லூரி நூலகத்துக் கணினியில் பிபிடி செய்துகொள்ளலாம்.

கிடைக்காவிட்டால், புதிது வாங்க நினைப்பீர்களானால் 14 இன்ச் திரை, ஒன்றரை கிலோவுக்குள் எடை, கோர் ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் வசதி. திரை ஐபிஎஸ் பேனல்தானா என்று கேளுங்கள். விலை குறைந்த லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி (நிறங்களை எவ்வளவு காட்டும் என்பதன் அளவு) என்று போட்டிருக்கும் மங்கலான திரைதான் வரும். அதில் ஹிஸ்டாலஜி ஸ்லைடைத் திறந்தால் ஊதாவும் இளஞ்சிவப்பும் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். நல்ல டேப்லெட்டின் திரையில் இந்தக் குறை இருக்காது. மிச்சிகன் பல்கலைக்கழகம் ஹிஸ்டாலஜி ஸ்லைடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்ப்பது போலவே பெரிதாக்கிக்கொண்டே போகலாம். அதை டேப்லெட் பிரவுசரிலேயே பார்க்கலாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால், பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டும் ஆபீஸ் லேப்டாப்களைப் பாருங்கள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்றவை உறுதியானவை. கட்டாயம் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்களில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ கோவையிலோ வாங்கும்போது பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸே அதைத் தரும். அதில் புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். ஆன் செய்தவுடன் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் அது பழைய கம்பெனியின் பூட்டு, உங்களால் திறக்க முடியாது. பழைய ஐபேட் யாராவது கொடுத்தாலும் இதேதான். விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே வெளியேறினால்தான் பணம்.

போனை வைத்துக்கொள்ளலாம். படிப்பு டேப்லெட்டுக்குப் போய்விட்டால் போனுக்கு அழைப்பு, குழுச் செய்தி, ஹாட்ஸ்பாட் அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக டவுன்லோடு ஆவதை அணைத்துவிடுங்கள். 150, 200 பேர் உள்ள வகுப்புக் குழுவில் 64 ஜிபி ஒரே மாதத்தில் நிரம்பும். பேட்டரி சோர்ந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றிக்கொள்ளுங்கள், புதுப் போன் விலையில் அது சிறு பங்குதான்.

ஹாஸ்டலில் திருட்டும் தவறவிடுதலும் நடக்கும். சிம் இல்லாத வைஃபை டேப்லெட்டுக்கு ஐஎம்இஐ எண் கிடையாது. ஆகவே தொலைந்த போனை முடக்கும் அரசு இணையதளம் இதற்கு உதவாது. பில்லிலும் பெட்டியிலும் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைண்ட் ஹப் (முன்பு ஃபைண்ட் மை டிவைஸ்) வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். பொருள் போனாலும் நோட்ஸ் போகக் கூடாது. சாம்சங் நோட்ஸில் எழுதியது வேறு கம்பெனி சாதனத்தில் அப்படியே திறக்காது என்பதால், ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரத்துக் குறிப்புகளைப் பிடிஎஃப்பாக மாற்றி கூகுள் டிரைவில் போட்டுவிடுகிற பழக்கம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, வீடியோவைப் போடாதவரை, முதல் ஆண்டுக்குத் தாங்கும்.

பணத்தைப் பிரித்துச் சொல்கிறேன். டேப்லெட்டுக்கு 30,000 முதல் 43,000. கவர், 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து 4,000. அந்தச் சார்ஜர் இப்போது டேப்லெட்டுக்கும் போனுக்கும், பின்னால் வரும் லேப்டாப்புக்கும் ஆகும். ஒரு அறைக்கு ஒன்றிரண்டு பிளக்தான் இருக்கும் ஹாஸ்டலில் இது பெரிய உதவி. பத்தாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்: வெள்ளைக் கோட்டு, டிசெக்‌ஷன் கருவிப் பெட்டி, ஸ்டெதஸ்கோப், முழங்கால் சுத்தியல், ரெக்கார்டு நோட்டுகள், சீனியர்களிடமிருந்து பழைய ஹாஃப் செட் எலும்பு (பாதி எலும்புக்கூடு) எல்லாம் முதல் இரண்டு மாதத்தில் கேட்பார்கள். 3டி ஆப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் கையில் கொடுப்பது எலும்பைத்தான். எந்தப் பக்கத்து எலும்பு என்று தொட்டுத்தான் சொல்ல வேண்டும். மீதிப் பணத்தை லேப்டாப்புக்காக வங்கியில் போட்டு வையுங்கள்.

கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்புக்குத் தேவையான கணினிச் செலவையும் அதில் சேர்க்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் இடம் கொடுக்கிறது, கிளையில் கேளுங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்று சொல்வதிலும் பிராசசிங் கட்டணம் உண்டு. கார்டில் எடுத்தால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். கையில் பணம் இருக்கும்போது அது எதற்கு?

வாங்கப் போகும்போது தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதப்போவது அவர் கை. பில்லை அவர் பெயரில், ஜிஎஸ்டியோடு போடச் சொல்லுங்கள். கல்லூரி இருக்கும் ஊரில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் இருப்பது அவருக்கு உதவாது. பெட்டியைக் கடையிலேயே பிரித்து, பேனா உள்ளே இருக்கிறதா, மாற்று முனைகள் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, திரை முழுவதும் வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் கறுப்புப் புள்ளி ஏதும் இல்லை என்று உறுதி செய்தபின் பணத்தைக் கொடுங்கள்.